கம்பளி பன்னிரண்டு

கிளப்பின் பழைய கணக்குப் புத்தகத்தில்
கரப்பான் தின்றது போக மிஞ்சியது:

மெழுகுதிரி ஆறு கட்டு.
பியானோ தூக்குக்கூலி, அட்டன் ஸ்டேஷனிலிருந்து, பதினாறு ஆள்.
தூக்குமரத்துக்குச் சவுக்குக்கழி இரண்டு.
கம்பளி பன்னிரண்டு, ஓரிரவு வாடகை,
ஒன்றுக்கு மூன்று சதம்.

ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றெட்டு, தை மாதம்,
டிக்கோயா.

நாடகத்தின் பேர் உப்புக் கள்ளன்.
சீமைத் தெருவில் மீன்காரியும் வண்டிக்காரனும்
பாடித் தேய்ந்த மெட்டுகளைப் பொறுக்கி
புதுச் சொல் ஏற்றிய சரக்கு.
கள்ளன் பாடுவான், காவல்காரன் பாடுவான்,
லஞ்சம் வாங்கும்போது நீதவான்
கொஞ்சம் கூடுதலாகவே பாடுவான்.
கயிறு கழுத்தில் ஏறும் நேரம்
பிச்சைக்காரர்கள் கூடி நின்று
‘விட்டுவிடு’ என்று ராகம் இழுக்க
விட்டுவிடுவார்கள்.

கொழும்பில் பட்டாளத்தார் ஆடிய அன்று
கள்ளனுக்கு வாந்திபேதி.
கண்டியில் கூரைத் தகரத்தில் மழை விழுந்து
ஒரு பாட்டும் காதில் ஏறவில்லை.
மூன்றாம் முறை மலையேறியது,
கோச்சியில் பாதி, தோளில் பாதி.

வளைவில் ஒருவனுக்குக் கால் இடற
பெட்டிக்குள்ளே ஏதோ முனகியது.
‘பொணமா அண்ணே?’ என்றான் பின்னால் பிடித்தவன்.
‘செத்த தொரை இவ்வளவு கனக்க மாட்டான்.
நடடா.’

மிஸஸ் ஆர்பத்நாட்டுக்குப் பிச்சைக்கார உடை அமையவில்லை.
புதுத்துணியை எப்படிக் கிழித்தாலும்
அது புதுத்துணியாகவே கிழிந்தது.
அதனால் அங்கமுத்துக் கங்காணி லயத்துக்கு இறங்கினார்.
அட்டை கடித்த ரத்தமும் அடுப்புப் புகையும்
ஆறு மழைக்காலமும் ஏறிய கம்பளிகள்
பங்களா வராந்தாவில் வந்து விழுந்தன.
‘அசல்!’ என்றாள் துரைசாணி,
மூக்கில் கைக்குட்டையோடு.

அன்றிரவு
பன்னிரண்டு காம்பராவில் அரிசிச்சாக்கைப் பிரித்துப் போர்த்தினார்கள்.
ஒச்சாயி தூங்கவில்லை.
ஆற்றுக்கு அப்பாலிருந்து கைதட்டு வந்தது,
நின்றது,
மறுபடி வந்தது.
தகரத்தில் ஆலங்கட்டி என்று நினைத்து
எழுந்துபோய் வானம் பார்த்தாள்.
நட்சத்திரம்தான்.

கள்ளனாக ஆடியவர்
அட்டன் பொலிஸ் கோர்ட்டு நீதவான், ஃபென்விக் துரை.
நல்ல சாரீரம். கடைசிப் பாட்டை நான்கு முறை கேட்டார்கள்.
நான்கு முறையும் கயிறு ஏறி
நான்கு முறையும் இறங்கியது.

புத்தகம் இதோடு முடிகிறது.
இனி நான் சொல்வது
என் பொறுப்பு.

திங்கட்கிழமை
துண்டு இல்லாமல் தோட்டம் விட்டுப் போன குற்றத்துக்காக
சடையன் கூண்டில் நின்றான்.
மஸ்கெலியாவில் தம்பி குழந்தையை அடக்கம் பண்ணப் போனவன்
இரண்டு நாள் பிந்திவிட்டான்.
துபாஷி அதைச் சின்ன வாக்கியமாக மாற்றினார்.
சடையன் வேறொன்றையே பார்த்துக்கொண்டிருந்தான்:
நீதவானின் காதோரம்
கழுவியும் போகாத கரிமை.
மூன்று மாதம்.

வெளியே பத்துப்பதினைந்து பேர் நின்றார்கள்.
எல்லோரிடமும் கம்பளி இருந்தது.
பாட்டு மட்டும் தெரியவில்லை.

புத்தகம் முடிந்ததென்று சொன்னேன். தவறு.
அட்டையின் உட்பக்கம், வேறு மையில் ஒரு வரி:
கம்பளி திரும்பியது பதினொன்று.

யாரோ சின்னத்துரை ஞாபகத்துக்கு வைத்துக்கொண்டிருக்கலாம்,
நாய்க்கு விரித்திருக்கலாம்.
கள்ளன் பேரை யாரும் எழுதவில்லை.

தோட்டத்துச் செக்ரோலில் எழுதியிருக்கிறது,
அதே மாதம், ஒச்சாயி பேருக்கு நேரே,
அழகான கையெழுத்தில்:
புதுக் கம்பளி ஒன்று,
ரூபாய் இரண்டு சதம் ஐம்பது,
பற்று.